ஓடினால்தான் பிழைக்கும்: பழைய காற்றாலையைப் புதுப்பிப்பதும் காப்பதும்

இங்கே பேசப்போவது முப்பந்தலில் வரிசையாக நின்று மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளைப் பற்றியல்ல. மரம், செங்கல், இரும்பு, நாணல் கூரை ஆகியவற்றால் கட்டப்பட்டு, தானியம் அரைக்கவும் தண்ணீர் இறைக்கவும் மரம் அறுக்கவும் பயன்பட்ட பழைய காற்றாலைகளைப் பற்றி. இவற்றைக் காக்கும் வேலையில் நெதர்லாந்துக்கு நீண்ட அனுபவம் உண்டு என்பதால் உதாரணங்களைப் பெரும்பாலும் அங்கிருந்தே எடுக்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சிறிய நாட்டில் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் காற்றாலைகள் இருந்தன. நீராவி எந்திரமும் பிறகு டீசலும் மின்சாரமும் வந்ததும் ஒவ்வொன்றாக இடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை ஆயிரத்துக்குச் சற்று மேல். அவையும் தப்பியதற்கு முக்கியக் காரணம், காற்றாலைகளைக் காப்பதற்காக 1923-இல் தொடங்கிய ‘டி ஹொலாண்ட்ஸே மோலன்’ சங்கம். ராட்டர்டாமுக்குக் கிழக்கே கிண்டர்டைக் என்ற ஊரில் தண்ணீர் இறைக்கும் 19 காற்றாலைகள் ஒரே இடத்தில் நிற்கின்றன. பெரும்பாலானவை 1738-க்கும் 1740-க்கும் இடையில் கட்டியவை. 1997-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2017-இல் காற்றாலையையும் நீராலையையும் ஓட்டும் கைத்தொழிலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இந்த இரண்டாவது அங்கீகாரம்தான் விஷயத்தின் மையம். கட்டடத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு, ஓட்டத் தெரிந்தவரை இழந்துவிட்டால் காற்றாலை மிஞ்சாது.

காரணம் எளிது. ஓடாத காற்றாலை, ஓடுகிற காற்றாலையைவிட வேகமாகக் கெடும். இறக்கைகளைத் தாங்கும் அச்சு பல டன் எடையுள்ளது. அது அசையாமல் கிடந்தால் அந்த எடை முழுவதும் பேரிங்கின் ஒரே இடத்தில் அழுந்துகிறது, மசகும் அங்கிருந்து பிதுங்கிப் போய்விடுகிறது. மேல்நோக்கி நிற்கும் இறக்கையில் விழும் மழைநீர் தண்டு வழியாக இறங்கி, நான்கு இறக்கைகளும் கூடும் இடத்தில் தேங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு, உள்ளே ஆள் வராமல் போவது. கூரையில் விரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்தால், வாரம் ஒருமுறை ஓட்டுபவர் அன்றே பார்த்துவிடுவார். பூட்டிக் கிடக்கும் ஆலையில் அது தெரியவரும்போது கீழே உள்ள உத்திரம் உளுத்துப் போயிருக்கும்.

காற்று எந்த வழியாகக் கல்லுக்கு வருகிறது

வெளியிலிருந்து உள்ளே போவோம். நான்கு இறக்கைகள் என்று நாம் பார்ப்பவை உண்மையில் இரண்டே நீளமான தண்டுகள். இரண்டும் அச்சின் தலையில் உள்ள துளைகளில், ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே நுழைந்து செல்கின்றன. கடின மர ஆப்புகள் அவற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. முனையிலிருந்து முனைக்கு 25 முதல் 28 மீட்டர் நீளம் சாதாரணம். தண்டின் மீது மரச்சட்டம், சட்டத்தின் மீது பாய்த்துணி. இறக்கை தட்டையானதல்ல, திருகலானது. அடிப்பக்கம் அதிகச் சாய்வு, முனையை நோக்கிப் போகப் போகக் குறைவு. முனை வேகமாகவும் அடி மெதுவாகவும் நகர்வதால் இந்தத் திருகல் தேவை.

அச்சு படுக்கைவாட்டில் இருந்தாலும் முன்பக்கம் சற்றே தூக்கி, 10 டிகிரியோ அதற்குக் கொஞ்சம் கூடுதலோ சாய்ந்திருக்கும். இறக்கைகளின் எடை முன்னே கவிழாமல் இருக்கவும், கீழே அகன்று வரும் உடற்பகுதியில் இறக்கை இடிக்காமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. அச்சில் பெரிய பல்சக்கரம் ஒன்று மாட்டியிருக்கும். அது செங்குத்தாக நிற்கும் தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டு கீழே போய் அரைக்கும் கல்லையோ தண்ணீர் இறைக்கும் சக்கரத்தையோ திருப்புகிறது. மாவாலையில் இறக்கை ஒரு சுற்று சுற்றினால் கல் ஐந்து அல்லது ஆறு சுற்று சுற்றும்.

அச்சும் பெரிய பல்சக்கரமும் இருக்கும் மேற்பகுதியைத் தொப்பி எனலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கு இந்தத் தொப்பி முழுவதையும் திருப்ப வேண்டும். டச்சு ஆலைகளில் தொப்பியின் பின்னால் நீண்ட வால்மரம் தரை வரைக்கும் இறங்கியிருக்கும். அதன் அடியில் உள்ள சக்கரத்தைக் கையால் சுற்றித் திருப்புவார்கள். இங்கிலாந்தில் பல ஆலைகளுக்குப் பின்னால் சிறிய விசிறிச் சக்கரம் உண்டு, அது தானே திருப்பிக்கொள்ளும். எட்மண்ட் லீ 1745-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

கை வைப்பதற்கு முன் அளவெடு

புதுப்பிக்கும் பணியில் பெரிய இழப்புகள் ஆர்வத்தால் வருபவை. உளுத்த பலகையைப் பார்த்ததும் பிடுங்கி எறிந்துவிட்டு, பிறகு அது எந்த இடத்தில் எப்படிப் பொருந்தியிருந்தது என்று தெரியாமல் நிற்பது. எனவே முதல் வேலை பதிவு. ஒவ்வொரு மரத்துக்கும் எண், ஒவ்வொரு இணைப்புக்கும் படம், பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை, பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி, அச்சின் சாய்வு, இறக்கைத் திருகலின் கோணம் எல்லாம் எழுதப்பட வேண்டும். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, பழைய காற்றாலைகள் நிற்கும் ஸான்ஸே ஸ்கான்ஸ் என்ற இடத்தில் இன்று மரம் அறுக்கும் ‘ஹெட் யோங்கே ஸ்காப்’ என்ற ஆலை இதற்கு நல்ல சாட்சி. 1680-இல் கட்டிய அந்த ஆலையை 1942-இல் இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன் ஆன்டன் சிப்மன் என்பவர் அதை நுணுக்கமாக அளந்து வரைந்து வைத்திருந்தார். அந்த வரைபடங்களைக் கொண்டே 2007-இல் அதை மீண்டும் எழுப்பினார்கள்.

அடுத்தது ஆய்வு. சுத்தியலும் குத்தூசியும் போதும் என்று தொடங்கலாம். மரத்தைத் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே கூடு. குத்தூசி எளிதாக இறங்கினால் உளுப்பு. ஓக் மரத்தைத் துளைக்கும் ஒருவகை வண்டின் புழு பல ஆண்டுகள் உள்ளேயே தின்றுகொண்டிருக்கும், வெளியே சில துளைகளும் சிறிது மரத்தூளும்தான் தெரியும். அந்த வண்டுக்கு ஈரமான மரம்தான் பிடிக்கும். எனவே வண்டைத் தேடுவதைவிட ஈரத்தைத் தேடுவது பயன் தரும். நெதர்லாந்தில் மழை பெரும்பாலும் தென்மேற்குக் காற்றோடு வருகிறது. சுவருக்குள் செருகிய உத்திர முனைகளில் தென்மேற்குப் பக்கம் உள்ளவற்றை முதலில் பார்க்க வேண்டும். கெட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கெட்டிருக்கும்.

உடற்பகுதி

செங்கல் ஆலையில் அடிக்கடி காணும் தவறு சிமெண்ட். பழைய செங்கல் இடுக்குகளில் சாந்து உதிர்ந்திருப்பதைப் பார்த்து, சிமெண்ட் கலவையால் அழுத்தி நிரப்பிவிடுகிறார்கள். பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உறிஞ்சி இடுக்குச் சாந்தின் வழியே வெளியேற்றும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கலிலேயே நிற்கிறது. குளிர்காலத்தில் உறைந்து விரியும்போது செங்கலின் முகமே பெயர்ந்து விழுகிறது. சுண்ணாம்புச் சாந்துதான் இங்கே சரி. சாந்து செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. நீர் புகாத பெயிண்டும் சிமெண்டைப் போலவே கெடுதல் செய்யும்.

மர ஆலையில் எட்டுப் பக்கச் சட்டகம் இருக்கும். எட்டு மூலைத் தூண்களும் கீழே அடிமரத்தில் நிற்கும். தண்ணீர் வழிந்து நிற்பது அந்த அடிமரத்தில்தான் என்பதால் தூண்களின் பாதம் முதலில் உளுக்கும். பாதத்தை மாற்ற ஆலையைத் தூக்க வேண்டும். ஜாக்கியில் ஒரு தடவைக்குச் சில மில்லிமீட்டர், ஒவ்வொரு தடவையும் எதிர்மூலையிலும் அளவு. ஒரு தூணை மட்டும் வேகமாகத் தூக்கினால் குறுக்குச் சட்டங்களின் இணைப்புகள் பிளந்துவிடும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, சாய்வாகச் சீவிய புது மரத்தைப் பொருத்தி போல்ட் போடுவார்கள். ஒட்டுச் சாய்வின் நீளம் மரத்தின் தடிமனைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருப்பது நல்லது. முழுத் தூணையும் மாற்றுவது எளிது என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ள 280 ஆண்டு ஓக் மரத்தை வெளியே எறிந்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது. புதிதாகச் சேர்க்கும் மரத்தில் ஆண்டைச் செதுக்கிவிடுங்கள், பிறகு வருபவருக்கு எது பழையது எது புதியது என்ற குழப்பம் இருக்காது.

தொப்பி உட்காரும் மேல்வளையம் தனிக் கவனத்துக்குரியது. அடித்தளம் ஒரு பக்கம் அமுங்கினால் வளையம் சாயும், காலப்போக்கில் வட்டம் நீள்வட்டமாகும். அப்போது தொப்பி சில திசைகளில் எளிதாகத் திரும்பும், சில திசைகளில் இறுகிவிடும். அதிகமாகக் கொழுப்பு தடவி இதைச் சரிசெய்ய முடியாது. வளையத்தை மட்டமாக்கித்தான் ஆக வேண்டும்.

தலைப்பகுதி: பணமும் கவனமும் போகுமிடம்

பழைய அச்சுகள் முழு ஓக் மரத்தால் ஆனவை. தலையில் இரண்டு பெரிய துளைகள், அங்கேயே மழைநீர். கெடாமல் என்ன செய்யும்? இறக்கைகளோடு அச்சின் தலை முறிந்து விழுந்த சம்பவங்கள் ஏராளம். 19-ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு அச்சு பரவலானது. அது உளுக்காது, ஆனால் வார்ப்பிரும்பு வளையாமல் திடீரென்று உடையும் குணம் கொண்டது. தலையிலும் கழுத்திலும் மயிரிழை விரிசல் உள்ளதா என்று மீயொலிக் கருவியால் பார்க்க வேண்டும்.

அச்சின் கழுத்து, கல் அல்லது வெண்கலத்தால் ஆன பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். அதற்கு டச்சுக்காரர்கள் இன்றும் பன்றிக் கொழுப்பைத்தான் வைக்கிறார்கள். மெதுவாகச் சுழலும், பெரும் எடை தாங்கும் கழுத்துக்கு அது நன்றாக ஒத்துப்போகிறது. சூடேறினால் உருகித் தானே பரவுகிறது. ஓடும்போது கழுத்தின் அருகே கை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு என்றால் ஆலையை நிறுத்து. மசகு தீர்ந்திருக்கலாம், மணல் புகுந்திருக்கலாம், பேரிங் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம்.

இறக்கைத் தண்டுகளும் முதலில் மரமாக இருந்து, பிறகு ஆணியடித்து இணைத்த இரும்புத் தகடாக மாறின. அந்தத் தண்டுகள் உள்ளே கூடானவை. வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். இன்று பற்றவைத்த எஃகுத் தண்டுகள் வருகின்றன. எந்த வகையானாலும், அச்சுத் தலைக்குள் மறைந்திருக்கும் பகுதிதான் ஆபத்தானது, அங்கே ஈரம் காயாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆப்புகளைத் தளர்த்தி, தண்டை நகர்த்தி, அந்தப் பகுதியைச் சுரண்டிப் பார்த்துப் பூச்சு பூச வேண்டும். வறண்ட கோடையில் ஆப்புகள் சுருங்கித் தளரும். தளர்ந்த ஆப்போடு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்டு துளைக்குள் இடிக்கும்.

இறக்கைகளை மாட்டியபின் சமநிலை பார்க்க வேண்டும். காற்று மிக மெல்லியதாக வீசும் நாளில், பாய் கட்டாமல், பிரேக்கை எடுத்துவிட்டுத் தானாக நிற்க விடுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றால் அது கனமானது. எதிர் இறக்கையில் எடை சேர்த்துச் சரிசெய்யலாம்.

பல்சக்கரத்தின் பற்களுக்கு நெருங்கிய இழையுள்ள கடின மரம் வேண்டும். ஹார்ன்பீம், ஆப்பிள் மரம் பழைய வழக்கம், ஆப்பிரிக்காவின் அசோபே இன்று பரவலாகிவிட்டது. மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருத்திய பல் சுருங்கித் தளரும். மசகு தேன்மெழுகு. ஒரு பல் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது வழக்கமான பிழை. சுற்றியுள்ளவை தேய்ந்திருக்கும், புதியது சற்றுத் துருத்தி நிற்கும், சுமை முழுவதும் அதன்மேல் விழுந்து அதுவும் உடையும். தேய்ந்த பற்களின் வடிவத்துக்கு ஒத்துச் செதுக்கினால்தான் நிலைக்கும்.

பல் எண்ணிக்கையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு சக்கரத்தில் 60, இன்னொன்றில் 30 என்று வைத்தால் குறிப்பிட்ட சில பற்கள் மட்டுமே திரும்பத் திரும்பச் சந்திக்கும், தேய்மானம் ஓரிடத்தில் குவியும். 60-க்குப் பதில் 61 வைத்தால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்தித்துச் சீராகத் தேயும். அளவெடுக்கும்போது விசித்திரமான எண் வந்தால் தப்பாக எண்ணிவிட்டோம் என்று திருத்திவிடாதீர்கள்.

பிரேக் என்பது பெரிய பல்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் மரக்கட்டைகளின் வளையம். பாப்லர் அல்லது வில்லோ போன்ற மென்மரம்தான் போடுவார்கள். கனமான உத்திரம் ஒன்றின் எடையே பிரேக்கை எப்போதும் இறுக்கி வைத்திருக்கும். கயிற்றை இழுத்து உத்திரத்தைத் தூக்கினால்தான் விடும். கயிறு அறுந்தால் பிரேக் தானே விழும் என்பதால் இது பாதுகாப்பான அமைப்பு. ஆனால் அரைகுறையாகப் பிடித்தபடி ஓட விட்டால் உராய்வில் மரம் தீப்பிடிக்கும். புயலில் ஆலைகள் எரிந்த கதைகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

அரைக்கும் கல்

மாவாலையில் இரண்டு கற்கள். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுழலும். குறுக்களவு சுமார் 1.4 முதல் 1.5 மீட்டர், ஒவ்வொன்றும் ஒரு டன்னை ஒட்டிய எடை. நம் வீட்டு அம்மியைக் கொத்துவதுபோல் இவற்றையும் காலத்துக்குக் காலம் கொத்த வேண்டும். மேல்கல்லைத் தூக்கிப் புரட்டி, மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் வாய்க்கால்களை ஆழப்படுத்தி, இடைப்பட்ட மேட்டில் நுண்ணிய கோடுகள் கொத்துவார்கள். மழுங்கிய கல் தானியத்தை வெட்டாமல் நசுக்கும், மாவு சூடாகி வெளிவரும். கையில் எடுத்த மாவு வெதுவெதுப்பைத் தாண்டினால் கொத்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். கற்களுக்கிடையில் தானியம் தீர்ந்துபோகவே கூடாது. கல்லோடு கல் உரசினால் தீப்பொறி பறக்கும், சுற்றிலும் மாவுத்தூள். அதனால்தான் தானியத் தொட்டி காலியாகும்போது மணி அடிக்கும்படி கட்டியிருப்பார்கள்.

ஓட்டும் நாள்

பணி முடிந்ததும் முதல் ஓட்டம் மெல்லிய காற்றில், பாய் இல்லாமல், சுமை இல்லாமல். கழுத்துச் சூடு, பற்களின் ஓசை, தொப்பியின் அதிர்வு மூன்றையும் கவனித்தபின் ஒரு பாய், பிறகு எதிர்ப்பாய் என்று கூட்டலாம். பாய் கட்ட, பிரேக் போட்டு ஓர் இறக்கையைக் கீழே நிறுத்தி, ஓட்டுபவர் சட்டத்தில் ஏணிபோல் ஏறித் துணியை விரிப்பார். பலத்த காற்றில் பாதி மட்டும் விரிப்பார். நனைந்த துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது, மக்கிவிடும்.

டச்சு ஆலைக்காரர்கள் சுற்றுகளை எண்ணுவதில்லை, கண்முன் கடக்கும் இறக்கை முனைகளை எண்ணுகிறார்கள். நிமிடத்துக்கு 60 முனை என்றால் 15 சுற்று. 27 மீட்டர் வீச்சுள்ள ஆலையில் அந்த நேரம் முனையின் வேகம் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டும். தரையை ஒட்டி இறக்கை கடக்கும் ஆலைகளில் வேலியில்லாமல் ஓட்டவே கூடாது.

மிகவும் அஞ்ச வேண்டியது பின்னாலிருந்து அடிக்கும் காற்று. பிரேக் முன்னோக்கிய சுழற்சிக்காகச் செய்தது, பின்னோக்கிச் சுழன்றால் சரியாகப் பிடிக்காது. தொப்பியே பெயர்ந்து போகலாம். நெதர்லாந்தில் மழைமேகக் கூட்டம் கடக்கும்போது காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குச் சட்டென்று மாறும். எனவே ஓட்டுபவரின் ஒரு கண் எப்போதும் மேற்கு வானத்தில் இருக்க வேண்டும். நிறுத்தியதும் இறக்கையைச் சங்கிலியால் கட்டி, இடிதாங்கிக் கம்பியை மாட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும்.

நிறுத்தும் நிலைக்கும் பொருள் உண்டு. மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றால் மகிழ்ச்சி, உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். 2014 ஜூலையில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்டு வழியில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானத்தில் இறந்தவர்களுக்காக நாடெங்கும் ஆலைகள் துக்க நிலையில் நின்றன.

இதையெல்லாம் கற்றுத்தர 1972-இல் தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் தொடங்கப்பட்டது. நான்கு பருவங்களும் உட்பட குறைந்தது 150 மணி நேரம் ஓட்டிப் பழகியபின்தான் தேர்வு. 1973-இல் தொடங்கிய நினைவுச்சின்னக் கண்காணிப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் முறையாக வந்து பார்த்து அறிக்கை தருகிறார்கள். பராமரிப்புக்கான அரசு மானியம் ஆறு ஆண்டுத் திட்டத்தின் பேரில் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பிப்பதைவிட, ஆண்டுதோறும் ஒரு டப்பா பெயிண்டும் சில ஆப்புகளும் மலிவு. அசல் மரமும் தப்பும்.

காற்றையும் காக்க வேண்டும்

ஆலையைப் பொன்போல் புதுப்பித்துவிட்டு, எதிரே அடுக்குமாடி கட்ட அனுமதித்தால் பயனில்லை. மரமும் கட்டடமும் காற்றைத் தடுப்பதோடு நிற்பதில்லை, அதைக் கலக்கியும் விடுகின்றன. மேல் இறக்கைக்கு முழுக் காற்று, கீழ் இறக்கைக்குச் சுழல் காற்று என்றாகும்போது ஒவ்வொரு சுற்றிலும் அச்சு உதறுகிறது. பேரிங்கும் பற்களும் அதனாலேயே தேய்ந்துபோகும். எனவே ஆலையைச் சுற்றி 400 மீட்டர் வரைக்கும் உயரத்தைக் கட்டுப்படுத்துமாறு ‘டி ஹொலாண்ட்ஸே மோலன்’ சங்கம் கேட்கிறது. முதல் 100 மீட்டருக்குள், கீழே வரும் இறக்கை முனையைவிட உயரமாக எதுவும் இருக்கக் கூடாது. அதற்கு அப்பால் தூரம் கூடக் கூட உயரமும் சிறிது கூடலாம். மரம் நடுபவர் நாற்றின் உயரத்தைப் பார்க்காமல் முப்பது ஆண்டுக்குப் பிந்தைய உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் மே மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் போகலாம். அது தேசிய காற்றாலை நாள், நூற்றுக்கணக்கான ஆலைகள் திறந்திருக்கும். மற்ற நாள்களில் ஆலையில் நீலநிறக் கொடி பறந்தால் உள்ளே வரலாம் என்று பொருள். மாடிப்படிகள் செங்குத்தானவை, இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோல் படியைப் பார்த்தபடியே இறங்குங்கள்.